பேர்ட் பாரடைஸ், மண்டாய்: குடிமாறிய பறவைகளைப் பார்க்கப் போன மிருக டாக்டரின் விமர்சனம்

சிங்கப்பூர் போகிறவர்கள் மண்டாயில் இருக்கும் பேர்ட் பாரடைஸுக்கு ஒரு பகல் முழுக்க ஒதுக்கலாம், கொடுத்த காசுக்குப் பழுதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இதற்குக் கீழே நான் எழுதப் போவதில் பாதி, பறவைகளைப் பெட்டியில் அடைப்பது, லாரியில் ஏற்றுவது, இறக்கிய பிறகு இரை எடுக்கிறதா என்று பார்ப்பது என்றுதான் போகும். அதெல்லாம் வேண்டாம், போகலாமா கூடாதா என்று தெரிந்தால் போதும் என்பவர்கள் நேராகக் கடைசிப் பகுதிக்குப் போய்விடலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

சர்வீஸ் முழுக்க மிருகக்காட்சிசாலை டாக்டராக இருந்தவன் நான். அதில் பெரிய வேலை என்று சொன்னால், ஊருக்கு நடுவே நெருக்கடியில் இருந்த பழைய பூங்கா ஒன்றைக் காலிசெய்து, வெளியே புதிதாகக் கட்டிய இடத்துக்கு எல்லா ஜீவன்களையும் உயிரோடு கொண்டுபோய்ச் சேர்த்ததுதான். எந்தப் பூங்கா என்று கேட்காதீர்கள், பென்ஷன் மாதாமாதம் ஒழுங்காக வந்துகொண்டிருக்கிறது. ஆகவே மகள் வீட்டுக்குச் சிங்கப்பூர் போனபோது, கூட வந்தவர்கள் பூநாரைக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருக்க, நான் பூநாரையின் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "அப்பா, இங்கயும் டியூட்டியா?" என்றாள் மகள்.

விஷயம் என்னவென்றால், இந்தப் பூங்கா புதிது, பறவைகளில் பெரும்பாலானவை பழையவை. தீவின் மேற்குப் பக்கம் ஜூரோங்கில் 1971 ஜனவரி 3 அன்று திறந்த பறவைப் பூங்காவை நம் ஆட்களில் பலர் பார்த்திருப்பீர்கள். சிங்கப்பூர் சுற்றுலா என்றால் எண்பது, தொண்ணூறுகளில் அது கட்டாயம் உண்டு. ரியோ டி ஜெனீரோவில் மனிதர்கள் உள்ளே நடந்து போகும்படியான பெரிய பறவைக் கூண்டைப் பார்த்துவிட்டு வந்த அமைச்சர் கோ கெங் சுவீ, நம்மூரிலும் இப்படி ஒன்று இருக்கட்டுமே என்று ஆரம்பித்தது. முப்பது மீட்டர் உயரத்திலிருந்து கொட்டும் செயற்கை அருவி அங்கே பேர்போனது. சரியாக 52 வருஷம் கழித்து, 2023 ஜனவரி 3 அன்று அதை மூடினார்கள். மண்டாயில், சிங்கப்பூர் மிருகக்காட்சிசாலைக்குப் பக்கத்தில், 17 ஹெக்டேரில் பேர்ட் பாரடைஸ் அதே வருஷம் மே 8 அன்று திறந்தது. திறக்கும்போது 400 இனங்களுக்கு மேல், 3,500 பறவைகள்.

சாதாரணமாகப் படித்தால் இந்த இரண்டு தேதியில் ஒன்றும் இல்லை. எனக்கு மட்டும் பொறாமையாக இருந்தது. ஜனவரி 3-க்கும் மே 8-க்கும் நடுவில் நாலு மாதம்! நாலு மாதம் டிக்கெட் வசூல் இல்லாமல், பழையதும் இல்லை புதியதும் இல்லை என்று ஒரு பறவைப் பூங்காவை வைத்திருக்க முடிகிறது என்றால், அங்கே டாக்டர் பேச்சையும் கீப்பர் பேச்சையும் யாரோ காதில் வாங்கியிருக்கிறார்கள். நம் பக்கத்தில் வரிசை தலைகீழ். முதலில் திறப்பு விழாத் தேதி வரும், யார் ரிப்பன் வெட்டுவது என்பது முடிவாகும், அப்புறம் "டாக்டர், எல்லாம் வந்துடும்ல?" என்று போன் வரும்.

அப்படி ஒரு போனின் விலையை நான் பார்த்திருக்கிறேன். எங்களிடம் ஈமுக்கள் இருந்தன. (ஈமு என்றதும் 2012-ல் பெருந்துறைப் பக்கம் நடந்த ஈமுப் பண்ணை மோசடிக் கூத்து ஞாபகம் வரும், போட்ட பணத்தைத் தேடி ஜனங்கள் அலைந்தார்கள், தீனி வைக்க ஆளில்லாமல் பறவைகள் நின்றன. அது தனிக் கதை.) ஈமுவைக் கையால் பிடிப்பது வம்பு. அதன் உதை நம் தொடையைக் கிழிக்கும் என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், துரத்தித் துரத்திப் பிடித்தால் அதன் தொடைத் தசை உள்ளுக்குள்ளேயே வெந்துபோன மாதிரி செத்துவிடும். கேப்சர் மையோபதி என்று சொல்வோம். பயந்து, முழு மூச்சில் ஓடி, பிடிபட்டுத் திமிறும் பிராணிகளுக்கு வருவது. மானுக்கு வரும், நெடுங்கால் பறவைகளுக்கு இன்னும் சுலபமாக வரும். பிடிக்கும்போது நன்றாகத்தான் இருக்கும். சில மணி நேரம் கழித்தோ மறுநாளோ எழுந்து நிற்க முடியாமல் உட்கார்ந்துவிடும். அதற்கு மேல் குளுக்கோஸ், செலினியம், வைட்டமின் ஈ, தொட்டில் கட்டி நிற்க வைப்பது என்று எதைச் செய்தாலும் பிழைப்பது அபூர்வம்.

அதனால் பெட்டியை அதன் கூண்டுக்குள்ளேயே வைத்து, இரண்டு பக்கக் கதவையும் திறந்துவிட்டு, தினமும் தீனியை உள்ளே வைக்கச் சொன்னேன். கீப்பர் பெரியவர் ஒருவர், பள்ளிக்கூடம் போகாதவர், இந்த வேலையில் எனக்கு வாத்தியார். முதலில் பெட்டிக்கு வெளியே கொஞ்சம் முட்டைக்கோஸ், அப்புறம் வாசற்படியில், அப்புறம் நடுவில் பப்பாளித் துண்டு. உள்ளே போய்த் தின்றுவிட்டு மறுபக்கமாக வெளியே வரும். அவசரமே இல்லை. கொஞ்ச நாளில் வெயிலுக்கு ஒதுங்கப் பெட்டிக்குள்ளேயே போய்ப் படுத்துக்கொண்டது ஒன்று. புறப்படுகிற அன்றைக்கு அந்தப் பறவையை யாரும் தொடவே இல்லை, கதவை இறக்கினோம், அவ்வளவுதான். அதன் ஜோடி அந்த அளவுக்குப் பழகவில்லை. இன்னும் கொஞ்ச நாள் கொடுங்கள் என்று எழுதியே கொடுத்தேன். விழா நெருங்குகிறது, நாலு பேரை வைத்து ஏற்றுங்கள் என்று மேலிருந்து வந்தது. ஏற்றினார்கள். புது இடத்தில் இறங்கி நடந்தது, தண்ணீர் குடித்தது, மறுநாள் காலையில் உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான்.

இந்தக் கண்ணோடுதான் நான் மண்டாய்க்குள் நுழைந்தேன். ஒரு புதுப் பூங்கா நல்ல பூங்காவா என்று எனக்குச் சொல்வது முகப்பு வளைவோ நீரூற்றோ இல்லை. அவசரமாக அள்ளிக்கொண்டு வந்த பறவைகளை அதன் உடம்பே காட்டிக்கொடுக்கும். நெற்றியில் இறகு உதிர்ந்து வழுக்கை தெரியும், பெட்டியின் மேற்பலகையிலும் புதுக் கூண்டின் வலையிலும் மோதிய தழும்பு அது. இறக்கை நுனி இறகுகள் ஒடிந்திருக்கும். கூட்டமாக வாழும் பறவை தனியாக மூலையில் நிற்கும். அடிப்பாதம் வீங்கியிருக்கும். சில பறவைகள் மாதக்கணக்கானாலும் தரையை விட்டு உயரக் கிளைக்குப் போகாது. தேடித் தேடிப் பார்த்தேன், பொதுமக்கள் கண்ணுக்குப் படுகிற இடங்களில் இவற்றில் சொல்லும்படியாக எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. பின்கட்டு எனக்குத் திறக்காது, ஆகவே முன்கட்டை வைத்துத்தான் இந்தத் தீர்ப்பு.

நுழைந்ததும் பெரிதாக ஈர்ப்பது கிரிம்ஸன் வெட்லேண்ட்ஸ். பெயருக்கு ஏற்றபடி சிவப்பும் இளஞ்சிவப்புமாக அமெரிக்கப் பூநாரைகள், கரண்டி மூக்கு கொண்ட நாரைகள், மேலே மக்காவ் கிளிகள், பின்னால் அருவி. இந்த அருவி பழைய ஜூரோங் அருவியின் நினைவாகக் கட்டியது, உயரம் இருபது மீட்டர். பழையதைப் பார்த்தவர்களுக்கு இது குள்ளம்தான், எனக்கும் அந்த முப்பது மீட்டர்தான் பிடிக்கும். ஆனால் பூநாரைகளைப் பாருங்கள். ஒரே கும்பலாகத் தலையை இடம் வலமாகத் திருப்பிக்கொண்டு, கால் மாற்றிக் கால் நடந்து, திரும்பி, மறுபடி நடக்கின்றன. கும்பல் குறைந்தால் பூநாரை முட்டையிடுவதற்கான இந்த ஆட்டத்தையே சரியாக ஆடாது, அதனால்தான் சில பூங்காக்களில் கும்பல் பெரிதாகத் தெரியக் கண்ணாடி பதிப்பார்கள். இடம் மாற்றும்போதும் இதே பிரச்சினை. நாலைந்தாகப் பிரித்து ஏற்றினால் முதலில் போனவை அங்கே மிரண்டு நிற்கும், கடைசியில் இருப்பவை இங்கே மிரண்டு நிற்கும். காலோ பென்சில் தடிமன். மடங்கிய நிலையில் அதிக நேரம் வைத்தால் ரத்த ஓட்டம் நின்று, இறக்கிவிடும்போது நிற்காது. இத்தனையையும் தாண்டி ஒரு கும்பல் முழுசாக வந்து, தண்ணீரில் நின்று, ஆட்டம் ஆடுகிறது என்றால் கைதட்ட வேண்டியது பூநாரைக்கு இல்லை. பக்கத்திலேயே இவற்றைப் பார்த்தபடி சாப்பிடும்படி உணவகம் வைத்திருக்கிறார்கள், அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் பாதத்தைப் பார்த்ததாகத் தெரியவில்லை.

பெட்டி பற்றிச் சொல்லாமல் போனால் தூக்கம் வராது. எங்கள் இடமாற்றத்துக்குப் பெட்டி செய்துகொடுத்த பட்டறை, மாட்டு லாரிக்கு அடைப்பு செய்து பழகிய பட்டறை. வரைபடம் கொடுத்திருந்தோம். வந்ததைத் திறந்து பார்த்தால் உள்பக்கம் வெல்டிங் பிசிறு அப்படியே நீட்டிக்கொண்டிருக்கிறது, கையை விட்டுத் தடவினாலே ரத்தம் வரும். காற்றுத் துளைகள் சரியாகப் பறவையின் கண் மட்டத்தில். துளை வழியாக வெளியே ஆள் நடமாட்டம் தெரிந்தால் அது வழியெல்லாம் முட்டிக்கொண்டே வரும். துளை தலைக்குக் கீழேயும் மிக மேலேயும் இருக்க வேண்டும், உள்ளே இருட்டாக இருக்க வேண்டும், மேற்பலகைக்கு அடியில் பஞ்சு வைத்துத் துணி தைத்திருக்க வேண்டும். கொக்கு வகையும் காட்டுக்கோழி வகையும் பயந்தால் நேர் மேலே எம்பும், மண்டை பிளந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, கேட்காமலே பரிவோடு ஈர வைக்கோல் பரப்பி அனுப்பியிருந்தார்கள். ஈர வைக்கோலில் பூஞ்சை, அந்தப் பூஞ்சையின் தூள் பறவையின் காற்றுப் பைக்குள் போனால் ஆஸ்பர்ஜில்லோசிஸ், வந்தபிறகு கண்டுபிடிப்பதும் கஷ்டம், குணப்படுத்துவதும் கஷ்டம். வைக்கோல் முழுவதையும் வாரிக் கொட்டிவிட்டு, கயிற்று மிதியடி ரோல் வாங்கி வந்து அறுத்துப் போட்டோம். பிசிறை அரத்தால் ராவியது எங்கள் ஆட்கள்தான், பில் தொகையில் பைசா குறையவில்லை.

கூழைக்கடா கதை இன்னொன்று. அதன் அலகு கொக்கி மாதிரி, பிடிக்கும்போது முகத்தில் வீசும். உதவிக்கு வந்த புதுப் பையன் ஒருவன் சுறுசுறுப்பாக அலகை டேப்பால் இறுக்கி ஒட்டப் போனான். "தம்பி, நிறுத்து!" என்று நான் கத்தியதில் பறவையை விட அவன்தான் அதிகம் பயந்தான். கூழைக்கடாவுக்கு வெளி மூக்குத் துவாரம் திறந்திருக்காது, வாய் வழியாகத்தான் மூச்சு. நடுவில் கட்டை மாதிரி ஒன்றை வைத்து, சந்து விட்டுத்தான் கட்ட வேண்டும். இறுக்கி ஒட்டினால் லாரி கேட்டைத் தாண்டும் முன்பே போய்விடும். அதே மாதிரி எந்தப் பறவையையும் நெஞ்சோடு அணைத்து அமுக்கக் கூடாது. அதற்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது, நெஞ்செலும்பு முன்னும் பின்னும் போய் வந்தால்தான் மூச்சு. பாசத்தில் இறுக்கியே கொன்றவர்கள் உண்டு.

சரி, மண்டாய்க்கு வருவோம். இங்கே பத்துப் பகுதிகள், அதில் எட்டு, நாம் உள்ளே போய் நடக்கும் பெருங்கூண்டுகள். பெரியது ஹார்ட் ஆஃப் ஆப்பிரிக்கா, ஒன்றரை ஹெக்டேருக்குச் சற்று மேல். மரங்களுக்கு நடுவே பாலம் போகிறது, கீழே பள்ளத்தாக்கு மாதிரி இறங்குகிறது, தலைக்கு மேலே வலை இருப்பதே கொஞ்ச நேரத்தில் மறந்துவிடும். பார்வையாளனாக எனக்கு இது பிடித்தது. டாக்டராக வயிறு கலங்கியது. இத்தனை பெரிய காட்டுக்குள் ஒரு டுராக்கோவுக்கோ ஸ்டார்லிங்குக்கோ உடம்பு சரியில்லை என்றால் எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படிப் பிடிப்பது? பறவைகள் நோயைக் கடைசி வரைக்கும் மறைக்கும், இரையாகும் பிராணியின் பழக்கம் அது. கூண்டில் தனியாக இருந்தால் எச்சத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம், இங்கே எச்சம் யாருடையது? இதற்கு ஒரே வழி, தினமும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் தீனி வைத்து, எல்லாப் பறவையும் அங்கே வந்து முகம் காட்டும்படி பழக்குவது. யார் வரவில்லை என்று கீப்பர் மனசுக்குள் ஹாஜர் எடுப்பார். தீனித் தட்டுகளைச் சுற்றிப் பறவைகள் கூடும்போது நீங்களும் ஓரமாக நின்று பாருங்கள். நடந்துகொண்டே இருப்பவர்களுக்கு இலைதான் தெரியும், தட்டுக்குப் பக்கத்தில் நிற்பவர்களுக்குப் பறவை தெரியும். "ஒண்ணுமே இல்லப்பா, மரமாத்தான் இருக்கு" என்று எனக்குப் பின்னால் தமிழில் அலுத்துக்கொண்டு போன குடும்பத்திடம் இதைச் சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அவர்கள் அடுத்த கதவைத் தாண்டிவிட்டார்கள்.

இருவாச்சிகளுக்கு முன்னால் நான் அதிக நேரம் நின்றேன். வால்பாறைப் பக்கம் மலை இருவாச்சியைக் காட்டில் பார்த்தவர்களுக்கு, அதன் சிறகுச் சத்தம் ரயில் இன்ஜின் மாதிரி தலைக்கு மேல் போவது தெரியும். பேத்தி கேட்டாள், "தாத்தா, அது தலை மேல எதுக்கு இன்னொரு மூக்கு?" அலகுக்கு மேலே இருக்கும் அந்தக் கொண்டைக்கு ஒரு கதை இருக்கிறது. 2018-ல், ஜூரோங்கில் ஜாரி என்ற 22 வயது ஆண் மலை இருவாச்சிக்கு அந்தக் கொண்டையில் எட்டு சென்டிமீட்டர் அகலத்துக்குப் பிளவு. புற்றுநோய். அதற்கு முன்னால் இதே நோய் வந்த இன்னொரு இருவாச்சி கீமோதெரபி கொடுத்தும் பிழைக்கவில்லை. இந்தத் தடவை டாக்டர்கள் சி.டி. ஸ்கேன் எடுத்து, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்து ஆட்களோடு உட்கார்ந்து, வெட்டி எடுக்க வேண்டிய இடத்துக்கு அச்சாகப் பொருந்தும்படி முப்பரிமாண அச்சு எந்திரத்தில் செயற்கைக் கொண்டை செய்து பொருத்தினார்கள். மறுநாளே பறவை சாப்பிட்டது. எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு நடந்தது. இருவாச்சியின் வால் அடியில் எண்ணெய்ச் சுரப்பி இருக்கும், அதில் மஞ்சள் சாயம். அலகையும் கொண்டையையும் அதில் தேய்த்துத் தேய்த்துத்தான் அந்த மஞ்சள் நிறமே வருகிறது. ஜாரி அந்தப் பிளாஸ்டிக் கொண்டையையும் கொண்டுபோய்த் தேய்த்து மஞ்சள் பூச ஆரம்பித்தது. தன்னுடையது என்று எடுத்துக்கொண்டுவிட்டது என்பதற்கு வேறு ரிப்போர்ட் எதற்கு? பேத்திக்கு இதைச் சொன்னதும், இருக்கிற இருவாச்சியை எல்லாம் "இதா ஜாரி? இதா ஜாரி?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

கசோவரி என்ற பறக்காத பெரிய பறவை இருக்கும் பப்புவா பகுதியை அதிக நேரம் எடுத்துக்கொள்ளாமல் கடந்துவிடலாம், கசோவரி மனசு வைத்தால்தான் வெளியே வரும். வந்தால் அதன் உள்விரல் நகத்தைப் பாருங்கள், குத்தீட்டி. இதை எல்லாம் கையால் பிடித்துப் பெட்டியில் போட முடியாது, தானாக நடந்து ஏறினால்தான் உண்டு. ஈமுவுக்கு நான் கேட்ட அவகாசம் ஏன் என்று இதைப் பார்த்தால் விளங்கும்.

பென்குயின் கோவ் குழந்தைகளுக்கு. உள்ளே நல்ல குளிர், வெளியே வெந்து வந்தவர்கள் பென்குயினை விட ஏசியைத்தான் ரசிக்கிறார்கள். கவனிக்க வேண்டியது விளக்கு. அவை வந்த தென்கோடிக் கடலில் பருவத்துக்குத் தகுந்தபடி பகல் நீள்வதும் குறைவதும் எப்படியோ, அதே கணக்கில் உள்ளே வெளிச்சத்தை மாற்றுகிறார்கள். சிங்கப்பூரில் வருஷம் முழுக்கப் பன்னிரண்டு மணி நேரப் பகல், அதை நம்பினால் பென்குயினுக்கு எப்போது இறகு உதிர்ப்பது, எப்போது முட்டையிடுவது என்றே குழம்பிவிடும். நான் முன்னே சொன்ன அந்தப் பூஞ்சை நோய் பென்குயினுக்கு எமன். அலைச்சல், பயம், சூடு மூன்றும் சேர்ந்தால் உடனே பிடிக்கும். ஆகவே பென்குயினை மாற்றுவது என்றால் குளிர் வண்டி, காற்று வடிகட்டி, முன்கூட்டியே மருந்து என்று தனி ஏற்பாடு. முக்கால் மணி நேரப் பயணமாக இருந்தாலும் அதே பாடுதான்.

லோரி லாஃப்ட் பற்றி ஒரு எச்சரிக்கை. லோரி கிளிகளின் நாக்கு நுனி தூரிகை மாதிரி இருக்கும், தேன் நக்கிக் குடிப்பதற்கு. சின்னக் கிண்ணத்தில் தேன் கரைசல் தருவார்கள், காசு தனி, கையில் ஏந்தினால் மேலே வந்து உட்கார்ந்து குடிக்கும். பேத்தி கூச்சலில் பாதிக் கரைசலைக் கீழே கொட்டினாலும் அதற்குள் தோளில் இரண்டு, தலையில் ஒன்று என்று வந்துவிட்டன. அன்றைக்கு அவளுக்கு இதுதான் முதல் இடம், பூநாரைக்குக் கூட இரண்டாவதுதான். எச்சரிக்கை என்னவென்றால், தண்ணீராகக் குடிப்பது தண்ணீராகவே வெளியே வரும், நல்ல சட்டை போட்டுக்கொண்டு போகாதீர்கள். மாப்பிள்ளை அன்றைக்கு வெள்ளைச் சட்டை.

பலரும் தவறவிடுவது ஸாங்ஸ் ஆஃப் த ஃபாரஸ்ட். பெரிய, வண்ணமான பறவை எதுவும் கண்ணில் அறையாது, அதனால் கூட்டம் இல்லை, அதனாலேயே எனக்குப் பிடித்தது. பாலித் தீவு மைனா, ஏறக்குறைய முழு வெள்ளை, கண்ணைச் சுற்றி நீலம். அழகாக இருந்ததும் கூண்டில் வளர்க்க ஆசைப்பட்டதும்தான் அதற்கு வினை, காட்டில் அநேகமாக இல்லாமலே போகும் நிலைமைக்கு வந்தது. கொண்டைக்குருவி இனத்தில் வைக்கோல் நிறத் தலை கொண்ட ஒன்று உண்டு, குரல் நன்றாக இருப்பதால் தென்கிழக்கு ஆசியா முழுக்கப் பிடித்துத் தீர்த்துவிட்டார்கள், உலகில் காட்டில் மிஞ்சியிருப்பதில் கணிசமான பங்கு இந்தக் குட்டித் தீவில்தான். இடம் மாற்றும் வேலையில் சிறியவைதான் எனக்குப் பெரிய பயம். பெரிய பறவை ஒரு வேளை சாப்பிடாவிட்டால் தாங்கும். கைக்குள் அடங்கும் குருவி சில மணி நேரம் பட்டினி கிடந்தாலே ரத்தத்தில் சர்க்கரை இறங்கி மயங்கிவிடும். கழுகுக்கு ஏற்றும் முன் வயிறு காலியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வழியில் கக்கும். குருவிக்கு வயிறு நிறைய வேண்டும், பெட்டிக்குள்ளும் பழம் வேண்டும், அந்தப் பழத்தை அது கண்டுபிடிக்கும் அளவுக்கு மட்டும் வெளிச்சம் வேண்டும். ஒரே லாரி, ஒரே நாள் என்று திட்டம் போடுகிறவர்களுக்கு இது புரியவே புரியாது. சென்னை மிருகக்காட்சிசாலையை மூர் மார்க்கெட் பக்கத்திலிருந்து 1985-ல் வண்டலூருக்கு மாற்றிய காலத்து ஆட்களிடம் நான் கேட்ட கதைகளிலும் புலி, சிங்கத்தைப் பற்றித்தான் பேச்சு, குருவிகள் எப்படிப் போயின என்று யாரும் சொன்னதில்லை.

இனி டிக்கெட் ஆசாமிகளுக்கு. சிவப்பு ரயில் தடத்தில் காத்திப் நிலையத்தில் இறங்கினால் மண்டாய்க்குப் பேருந்து போகிறது, டாக்சி தேவையில்லை. திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். பறவைகள் காலையில் தீனிக்கு இறங்கும், மத்தியான வெயிலில் இலைக்குள் போய்விடும், நீங்களும் வியர்த்துக் கொட்டுவீர்கள். கையில் தண்ணீர், மழைக்குக் குடை, நடக்க ஏற்ற செருப்பு. வலைக்கூண்டுகளின் மேல் மழை கொட்டினால் உங்கள் மேலும் கொட்டும். சக்கர நாற்காலியில் வருகிறவர்களும் தள்ளுவண்டிக் குழந்தைகளும் சமாளிக்கலாம், என் முழங்காலே சமாளித்தது. கண்காட்சியில் பறவைகள் ஆட்கள் தலைக்கு மேல் பறக்கிற நிகழ்ச்சி வேண்டுமென்றால் நேரம் பார்த்து முன்னதாகப் போய் உட்கார வேண்டும்.

யாருக்குப் பிடிக்காது என்றால், எல்லாம் கூண்டுக்குப் பக்கத்தில் வரிசையாகப் பெயர்ப் பலகையோடு தெரிய வேண்டும், ஒரு மணி நேரத்தில் முடிக்க வேண்டும் என்பவர்களுக்கு. பறவைகள் இங்கே ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறது, ஒளிந்துகொள்ளும். அவசரக்காரர்களுக்கு அது குறை, எனக்கு அதுதான் நாலரை நட்சத்திரத்துக்குக் காரணம். மிச்ச அரை நட்சத்திரத்தை அந்த இருபது மீட்டர் அருவிக்காகப் பிடித்துக்கொண்டேன்.

நைட் சஃபாரி பக்கத்திலேயே இருக்கிறதே, அன்று ராத்திரியே அதையும் முடித்துவிடலாம் என்று திட்டம் போடாதீர்கள். நாங்கள் போட்டோம். பேத்தி டிராமில் ஏறின உடனே தூங்கிவிட்டாள், மாப்பிள்ளை கிளி எச்சத்துச் சட்டையோடு அவளைத் தூக்கிக்கொண்டு நடந்தார். தனி நாளாக வைத்துக்கொள்ளுங்கள்.